இரு தேசத்துத் தொழிலாளி

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த நாட்களில், திருவரங்குளத்துக் குடியானவன் ஒருவன் அறந்தாங்கிப் பக்கம் கூலிக்கோ வியாபாரத்துக்கோ புறப்பட்டானென்றால், அவன் தொண்டைமான் மன்னரின் ஆளுகையிலிருந்து கிளம்பி, பிரிட்டிஷ் ராஜாங்கத்தின் தஞ்சாவூர் ஜில்லாவில் வேலை செய்து, காரியம் முடிந்ததும் மீண்டும் தன் மன்னரின் எல்லைக்குள் வந்து படுத்தான் என்பது இன்று நம்மில் பலருக்கு நினைவில் இல்லை. ஒரு பக்கம் பிரகதாம்பாளின் உருவமும் மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்தும் பொறித்த அம்மன் காசு அவன் மடியில் இருந்தது. எல்லைக்கு அப்பால் வேறு அரசு, வேறு அதிகாரம். ஆயினும் அவனை வழியில் நிறுத்தி, நீ எந்த ராஜ்யத்துப் பிரஜை என்று கடவுச்சீட்டுக் கேட்டவர் எவருமில்லை. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்ததும் அந்தக் கோடு அழியத் தொடங்கியது. 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அறந்தாங்கியும் அதற்குள் அடங்கிவிட்டது. இன்று ஆலங்குடி சாலையில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளிடம், இந்த வட்டாரத்தில் இரண்டு ராஜ்யங்கள் சந்தித்தன என்று சொன்னால், அரங்குளநாதர் கோயில் தலபுராணத்துப் பொற்பனைக் கதையோடு சேர்த்து அதையும் கேட்டுக்கொள்வார்கள்.

இதற்கு நேர்மாறாக, கலந்து வாழ்ந்த ஜனங்களின் நடுவே ஒரு கோடு புதிதாக விழுந்து, ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே போன இடம் ஒன்று உண்டு. அதுவும் நமக்கு அந்நியமான இடமல்ல. சிங்கப்பூருக்கும் மலாயாவின் தென்கோடியான ஜொகூருக்கும் நடுவிலுள்ள ஜலசந்தியில், புக்கித் தீமாவிலிருந்தும் உபின் தீவிலிருந்தும் கருங்கல் கொண்டுவந்து கொட்டி ஒரு கடற்பாலம் அமைத்தார்கள். 1923இல் அதன்மேல் ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28ஆம் தேதி முறையாகத் திறப்பு விழா நடந்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த அந்தப் பாலத்தின் இரு கரைகளும் அன்று பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்தன. அக்கரையில் அண்ணனும் இக்கரையில் தம்பியுமாக, ஒரே நாணயத்தை வைத்துப் புழங்கி, ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது; 1967இல் பாலத்தின் முனைகளில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது; 1973இல் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ளப்பட்டு வந்த இரு நாட்டு வெள்ளிகளும் (டாலர்களும்) தத்தம் வழியே பிரிந்து போயின. சட்டமும் நாணயமும் பிரிந்தனவே ஒழிய, ஜனங்களின் வேலையும் வீடும் பிரியவில்லை. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில், ஜொகூரில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய மலேசியர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் தமிழர்களும் ஏராளம்.

திருவரங்குளத்தில் உட்கார்ந்துகொண்டு ஜொகூர்ப் பாலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு, இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள் என்பதே என் பதில். மானாவாரி நிலமும் தைல மரக்காடும் தவிர வேறு பற்றுக்கோடில்லாத குடும்பங்களில், பையன் தலையெடுத்ததும் ஏஜெண்டிடம் பணம் கட்டி, பெர்மிட் வாங்கி, திருச்சியில் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவது ஒரு தலைமுறைக்கும் மேலாக நடந்து வருகிறது. அவர்கள் பெரும்பாலும் கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிறார்கள். அங்கேதான் ஜொகூர்த் தமிழனை நம் பையன் சந்திக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்த அப்படியொரு இளைஞர் என்னிடம் சொன்னார்: "எங்களோட வேலை பாக்குற ஜேபிக்காரங்க சாயங்காலமானா வீட்டுக்குக் கெளம்பிடுவாங்க, மாமா. நாங்க டார்முக்குப் போவோம். ஒரே வேலை, ஒரே சூப்பர்வைசர். அவுங்க கொடுத்துவச்சவங்க." ஜேபி என்று அவர் சொன்னது பாலத்தின் அக்கரையிலுள்ள ஜொகூர் பாரு நகரத்தை; டார்ம் என்றது தொழிலாளர் விடுதியை. கொடுத்துவைத்தவர்கள் என்ற அந்தச் சொல்லில் பொறாமையைக் காட்டிலும் ஏக்கம்தான் இருந்தது; அந்த ஏக்கம் நியாயமானதா என்று யோசிக்கத் தொடங்கியதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கொடுத்துவைத்தவரின் ஒரு நாளைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். மாசாயிலோ ஸ்கூடாயிலோ உலு திராமிலோ உள்ள வீடமைப்புப் பகுதியில், விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கும். பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். குடும்பஸ்தன், காற்று நெஞ்சில் அறையாமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றி மாட்டிக்கொண்டு, கடவுச்சீட்டை நனையாத உறையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறான். பாலத்தை நெருங்கும்போது முன்னும் பின்னும் பக்கத்திலுமாக ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள். ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டி, கடவுச்சீட்டை நீட்டி, மலேசியாவிலிருந்து வெளியேறும் சோதனைக்கு ஒரு வரிசை. பாலத்தைத் தாண்டியதும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதிக்கு இன்னொரு வரிசை. பேருந்தில் செல்பவனுக்கு வேறுவிதச் சிரமம். ஜொகூர் பாருவில் ஒரு பேருந்திலிருந்து இறங்கி, மாடிப்படி ஏறி, சோதனையைக் கடந்து, ஓடிப்போய் அடுத்த பேருந்தைப் பிடித்து, ஒரு கிலோமீட்டர் தூரம் சென்றதும் மீண்டும் இறங்கி, மீண்டும் ஏறி, மீண்டும் வரிசையில் நின்று, மீண்டும் வேறொரு பேருந்து. பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றுவிட்டால், பேருந்தை நம்பாமல் இறங்கிக் கடலின் மேல் நடந்தே போய்விடுகிறவர்கள் உண்டு. நெரிசலான நாட்களில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. எட்டு மணி வேலைக்குப் போனவன் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும்போது பிள்ளைகள் மறுபடியும் உறங்கிப்போயிருப்பார்கள்.

இத்தனை சிரமத்தையும் எதற்காக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1973 வரை சமமாக இருந்த நாணயத்தில், இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது, லயத்து வீட்டையும் தோட்டத்துக் கோயிலையும் விட்டுப் பட்டணத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பாலத்துக்கு அப்பால் கிடைத்த சம்பளமே வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் தாங்கியது. பஸ் ஓட்டுபவராக, காவலாளியாக, ஆலைத் தொழிலாளியாக, ஆஸ்பத்திரி நர்ஸாகச் சிங்கப்பூரின் அன்றாடத்தைத் தூக்கி நிறுத்துபவர்களில் இவர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு. சிங்கப்பூருக்கு, வீடு கட்டித்தர வேண்டாத, பள்ளிக்கூடம் நடத்தித்தர வேண்டாத தொழிலாளி கிடைக்கிறான். மலேசியாவுக்கு, தான் வேலை கொடுக்காமலே தன் நகரத்துக் கடைகளில் செலவாகும் சம்பாத்தியம் கிடைக்கிறது. இரண்டு ராஜாங்கங்களுக்கும் லாபம். அந்த லாபத்துக்கான விலை மட்டும் தொழிலாளியின் உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

ஆனாலும் நம் பையனின் ஏக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சிங்கப்பூரின் சட்டப்படி, வொர்க் பெர்மிட்டில் உள்ள தொழிலாளி மனைவி மக்களை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ள முடியாது. திருவரங்குளத்துப் பையன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறான். மகள் நடக்கத் தொடங்கியதையும் தாய் படுக்கையில் விழுந்ததையும் கைப்பேசித் திரையில் பார்க்கிறான். அவனுக்குப் பக்கத்தில் நின்று அதே இரும்பைத் தூக்குகிற ஜொகூர்க்காரன், எவ்வளவு களைத்திருந்தாலும், தன் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றுகிறான். ஆகவே, தினமும் எல்லை கடப்பவன் கஷ்டப்படுகிறான் என்பதற்காக அவன் அங்கேயே தங்கிவிடலாமே என்று உபதேசம் செய்வது மனிதரின் மனம் அறியாத பேச்சு. வேலை எந்தத் தேசத்தில் இருந்தாலும் இரவு தன் வீட்டில் படுக்க வேண்டும் என்று ஒருவன் விரும்புவது, சம்பளத்தைப் போலவே மதிக்கத்தக்க உரிமை என்பது என் திடமான அபிப்பிராயம். என்னுடைய மனக்குறையெல்லாம், அந்த உரிமைக்கு எந்தச் சாசனமும் இல்லை என்பதுதான். இரண்டு நாடுகளின் சௌகரியம் நீடிக்கும் வரைக்குமே அது நீடிக்கிறது.

அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிவிட்டது. மார்ச் 16ஆம் தேதி இரவு மலேசியப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்தார். எல்லை கடந்து வேலைக்குப் போகும் லட்சக்கணக்கானோருக்கு முடிவெடுக்கக் கிடைத்தது ஒரே ஒரு பகல். வீட்டோடு இருந்தால் வேலை போகும். வேலைக்குப் போனால் வீடு திரும்ப முடியாது. 17ஆம் தேதி மாலை, மாற்றுத் துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு, பிள்ளைகளிடம் இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கூட்டம் கூட்டமாகப் பாலத்தைக் கடந்தார்கள். படுக்க இடம் கிடைக்காதவர்கள் சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் இரவைக் கழித்தார்கள். சிங்கப்பூர் அரசாங்கம் தங்கும் இடத்துக்கு முதலாளிகளுக்கு உதவித்தொகை அளித்தது. அதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் இரண்டு வாரம் இரண்டு ஆண்டாயிற்று. ஆகஸ்டு 17ஆம் தேதி தொடங்கிய ஒரு ஏற்பாட்டின்படி, குறைந்தது மூன்று மாதம் சிங்கப்பூரில் வேலை செய்த பிறகே ஒருவன் விடுப்பில் வீட்டுக்குப் போய்வர அனுமதி. போகும்போதும் வரும்போதும் தனிமைப்படுத்தல் வேறு. 2021 நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களுக்கென்று பாலத்தின் மேல் பேருந்து விட்டார்கள். தொடக்கத்தில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 பேருக்குத்தான் இடம். லட்சக்கணக்கானோர் சென்ற வழியில் ஆயிரத்துச் சொச்சம் பேர்! 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நிலவழி எல்லை முழுமையாகத் திறந்தது. உட்லண்ட்ஸ் கரையில் நின்றால் எதிரே ஜொகூர் பாருவின் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தூரத்தில் இருந்துகொண்டு, பெற்ற தாயின் ஈமக்கிரியைக்குப் போக முடியாமல் தவித்தவர்கள் இருந்தார்கள்.

அதே மாதங்களில் நம் ஊர்ப் பையன்களின் கதியும் சொல்லும் தரமன்று. சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த ஆண்டின் முடிவுக்குள் தொற்று வந்துபோயிருந்தது என்பது அந்நாட்டு அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. வேலைக்கன்றி வெளியே வர அனுமதியில்லாமல் மாதக்கணக்கில் அறைக்குள் இருந்தார்கள். ஆக, வீட்டுக்குத் தினமும் போகிறவனும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போகிறவனும், ஆபத்து வந்த அன்று ஒரே நிலைக்கு வந்து நின்றார்கள். நாடுகள் தத்தம் பிரஜைகளைக் காக்கக் கதவை அடைத்தது தவறென்று நான் வாதிக்கவில்லை. கதவின் இரு பக்கமும் ஜீவனம் வைத்திருப்பவன் ஒருவன் உண்டு என்பதை எந்தப் பக்கத்துச் சட்டமும் முன்கூட்டி நினைக்கவில்லை என்பதே என் வாதம்.

நினைத்த தேசங்கள் உலகத்தில் இல்லாமலில்லை. ஐரோப்பாவில், ஒரு நாட்டில் குடியிருந்து இன்னொரு நாட்டில் வேலை செய்து, நாள்தோறுமோ வாரம் ஒரு முறையாவதோ வீடு திரும்புகிறவனை எல்லைத் தொழிலாளி என்று தனியே வகைப்படுத்தி, அவனுடைய ஓய்வூதியமும் காப்புறுதியும் எந்த நாட்டைச் சேர்ந்தவை, வைத்தியம் எங்கே பெறலாம் என்பதையெல்லாம் 2004ஆம் ஆண்டின் 883ஆம் எண் ஒழுங்குமுறையில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் இரண்டு நாட்டிலும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். சின்னஞ்சிறு லக்ஸம்பர்க் தேசத்தில் வேலை செய்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அன்றாடம் வந்து போகிறவர்கள். 2020 மார்ச்சில் அங்கும் எல்லைகளை அடைத்தார்கள். ஆயினும் வேலைச் சான்றிதழைக் காட்டிய எல்லைத் தொழிலாளி பெரும்பாலும் கடந்து போனான், மாலையில் வீடு திரும்பினான். இதைவிட என்னைக் கவர்ந்தது ஜெனீவாவின் ஏற்பாடு. பிரான்சில் குடியிருந்து ஜெனீவாவில் வேலை செய்வோரின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்துக்குச் சமமான தொகையை, 1973ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தத்தின்படி, ஜெனீவா மாநிலம் பக்கத்திலுள்ள பிரெஞ்சு மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவருகிறது. தொழிலாளியின் குழந்தை படிக்கும் பள்ளிக்கூடமும் அவன் வீட்டுச் சாக்கடையும் எங்கே இருக்கின்றனவோ, அந்த ஊருக்கு அவன் உழைப்பில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்ட நேர்மை அது. சிங்கப்பூரும் மலேசியாவும் தங்கள் வெள்ளிகளைப் பிரித்துக்கொண்ட அதே 1973இல், அங்கே இப்படியொரு கணக்கு எழுதினார்கள்.

ஜலசந்தியின் இரு கரைகளிலும் நிலைமை என்ன? சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. பெர்மிட்டில் வரும் ஜொகூர்க்காரன் முப்பது வருஷம் உழைத்தாலும் அதில் அவன் பேரில் ஒரு காசு சேராது, நம் பையன் பேரிலும் சேராது. வேலையிடத்தில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் விடியற்காலை இருட்டில், மழையில், சொந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்து பொதுவாக அதன் வரம்புக்குள் வருவதில்லை. எல்லை கடந்து வேலை செய்பவனுக்கு அபாயம் அதிகமுள்ள இடம் அந்தச் சாலைதானே! 1990ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய, இடம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில், எல்லைத் தொழிலாளி என்ற பிரிவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மலேசியா அதை ஏற்கவில்லை, சிங்கப்பூர் ஏற்கவில்லை, கோடிக்கணக்கான பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்திருக்கும் நம் இந்தியாவும் ஏற்கவில்லை. இது நமக்குப் பெருமை தரும் விஷயமன்று.

இப்போது பாலத்துக்குப் பக்கத்தில் புதிய ரயில் பாதை வருகிறது. ஜொகூர் பாருவின் புக்கித் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர். மணிக்கு ஒரு திசையில் பதினாயிரம் பேர் வரை செல்லலாம். புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனைகளும் முடிந்துவிடும். 2026ஆம் ஆண்டின் இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்பட்ட பாதை அது. 2025 ஜனவரியில் இரு நாடுகளும் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கும் கையெழுத்திட்டன. இவற்றை மனமார வரவேற்கிறேன். வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரம் அரை மணியாகக் குறைந்தால், அந்த மிச்சம் ஒரு தகப்பனுக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். ஆனால் ரயில், பாலத்தைப் போலவே, இரண்டு அரசாங்கங்களின் சம்மதத்தில் ஓடுவது. நாளைக்கு இன்னொரு தொற்றோ பிணக்கோ வந்தால், வேலைக்குப் போனவன் வீடு திரும்பலாம் என்ற உறுதி அந்தத் தண்டவாளத்தில் இல்லை. அதை எழுத்தில்தான் வாங்க வேண்டும்.

நம் மாவட்டத்துக் கடற்கரையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1974, 1976 ஆண்டுகளின் இந்திய - இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் வகுத்த கோட்டைக் கோட்டைப்பட்டினத்து மீனவனிடமும் ஜெகதாப்பட்டினத்து மீனவனிடமும் கேட்டு வகுக்கவில்லை. அங்கே நியாயம் இரு பக்கத்து மீனவர்களுக்கும் உண்டு என்பதால் அது தனியே எழுதத் தக்க விவகாரம். எல்லையை வகுப்பவர்கள் அதன் குறுக்கே பிழைப்பவனைக் கலந்துகொள்வதில்லை என்ற ஒரு விஷயத்துக்காக மட்டும் அதை இங்கே பிரஸ்தாபிக்கிறேன்.

மலேசியப் பிரஜைகளுக்காக அவர்களுடைய அரசாங்கத்திடம் வாதாட நமக்கு அதிகாரமில்லை. மலேசியத் தமிழர்களே அதைச் செய்ய வல்லவர்கள். நம் பிள்ளைகளுக்காக நம் அரசாங்கத்தைக் கேட்பதற்கு நமக்குப் பூரண உரிமை உண்டு. மத்திய அரசு அந்த 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர வேண்டும். சிங்கப்பூரோடு பேசி, பெர்மிட்டில் உழைப்பவனுக்கும் அவன் பெயரில் ஒரு சேமிப்பும், பெற்றோரின் மரணம் போன்ற நேரத்தில் எல்லை அடைபட்டிருந்தாலும் ஊர் திரும்பும் வழியும் ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். தமிழக அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. வெற்றி பெற்ற தொழிலதிபர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் அந்த மேடையில், இந்த இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக்கி டெல்லிக்கு அனுப்பலாம். சிங்கப்பூரில் பிள்ளையை வைத்திருக்கும் திருவரங்குளத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதைக் குறித்து ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.